மடுவுக்கு நடக்கிறவர்களுக்கு

மடுமாதாவின் ஆடித் திருவிழா ஜூலை 2, ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. இரண்டும் மன்னார் மண் மழைக்கு ஏங்கிக் கிடக்கும் மாதங்களில் வருகின்றன. பஸ்ஸும் ரயிலும் இருக்க, நேர்த்தி வைத்துக் கால்நடையாகவே போகிறவர்கள் இன்றும் உண்டு. 1670இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர்கள் நடந்த திசையும் இதுதான். அந்த நடையைக் குறைசொல்ல நான் வரவில்லை. நடக்கிறவர் நலமாகப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

மன்னார் நகரிலிருந்து ஆலயம் வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ புறப்பட்டால் அதற்கும் மேல். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர் படிகளைப் பார்த்ததுமே தன் முழங்காலைப் பற்றி யோசிக்கிறார். அங்கே பெரும்பாலும் இரவுக் குளிரில்தான் ஏறுகிறார்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் உகந்தையைத் தாண்டினால் குமண, யால காடுகளில் கடை எதுவும் இல்லை என்று தெரிந்து அரிசி, பருப்பு கட்டிக்கொண்டு போகிறார். மடுப் பாதையில் அப்படி ஒரு மிரட்டலும் இல்லை. தட்டையான நிலம், தார் வீதி, இடையிடையே ஊர்கள். ஆகவே ஒரு தண்ணீர்ப் போத்தலோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இங்கே ஆளைச் சாய்ப்பது வெயில்.

காற்று மறைக்கும் வியர்வை

பெரிய பாலத்தில் ஏறியதும் சோளகம் முகத்தில் அறையும். உடம்பு குளிர்ந்ததுபோல் இருக்கும். உண்மையில் அந்தக் காற்று வியர்வையைச் சுரந்த வேகத்திலேயே உலர்த்திக்கொண்டு போகிறது. சட்டை நனையாததால் நாம் வியர்க்கவில்லை என்று நம்புகிறோம். தள்ளாடிச் சந்தியில் நின்று சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள்: வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். வெயிலில் விறுவிறுவென்று நடக்கும்போது மணிக்கு ஒரு லீற்றர் வரை வியர்வையாகப் போய்விடலாம்.

தாகத்தை நம்பி இருக்கவும் முடியாது. வயதானவர்களுக்குத் தாகம் பிந்தித்தான் தெரியும். சலத்தின் நிறமே நல்ல அளவுகோல். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். தேயிலைச் சாயம்போல் இருந்தால் நடையை நிறுத்தி, நிழலில் இருந்து குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே லீற்றர் கணக்கில் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். மோர், உப்புப் போட்ட கஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர் இடையிடையே வேண்டும். பார்மசியில் வாங்கும் ஜீவனிப் பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரைப் போத்தலில் அரைப் பக்கற்று என்று கண்மட்டத்தில் கலக்க வேண்டாம்.

ஆகவே நேரத்தைப் பிரியுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்கு நிறுத்துங்கள். மறுபடி மாலை நான்குக்குப் பிறகு. இடைப்பட்ட நேரம் நிழல், சாப்பாடு, உறக்கம். உயிலங்குளம், முருங்கன், மடுவீதி என்று தங்கித் தங்கிப் போனால் நான்கு நாளில் அவசரமில்லாமல் ஆலயத்தை அடையலாம். இரண்டு நாளில் முடித்தேன் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஆகவும் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகமே எல்லோருடைய வேகமும். இருட்டில் நடக்கும்போது வீதியின் வலப்பக்கம், எதிரே வரும் வாகனம் தெரியும்படி, வெளிர்நிற உடையோடு போங்கள்.

2024 ஜூனில் மக்காவில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஹஜ் காலத்தில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். வெயில் எந்தப் பக்தருக்கும் சலுகை தருவதில்லை. திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். விமானம் இறங்கி மூன்றாம் நாளே நடக்கத் தொடங்கக் கூடாது.

குடிக்காமல் நடக்கும் பெண்கள்

இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வழியில் மலசலகூடம் இல்லை என்பதால் நம் பெண்கள் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். காலையில் ஒரு மிடறு, பிறகு தங்குமிடம் சேரும்வரை ஒன்றுமில்லை. மயக்கம், சலக்கடுப்பு, காய்ச்சல் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. கூட்டத்தை நடத்திச் செல்பவர் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்வதற்கு முன்பே, எந்தப் பாடசாலையில், எந்தக் கோயிலில், எந்த வீட்டில் மலசலகூடம் பாவிக்கலாம் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஐந்து ஆறு கிலோமீற்றருக்கு ஒன்று இருந்தால் பெண்கள் தாமாகவே குடிப்பார்கள். இந்த ஒரு ஏற்பாட்டை ஆண்கள் பொறுப்பெடுத்துச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆறு கிழமைக்கு முன்பே

நேர்த்தி வைத்த அன்றே பயிற்சியும் தொடங்கட்டும். கிழமையில் நான்கு நாள், முதலில் மூன்று கிலோமீற்றர், பிறகு ஐந்து, எட்டு, பத்து. நடக்கப் போகும் அதே செருப்போடு, அதே பையோடு.

கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் நடையைப் பற்றிச் சொல்லுங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவருக்கும் சில வகைக் குளிசை எடுக்கிறவருக்கும் நீண்ட நடையில் சீனி திடீரென்று இறங்கும். பிரஷருக்கும் இதயத்துக்கும் சலம் போகக் கொடுக்கும் குளிசை, வெயிலில் உடம்பை மேலும் வரட்டும். அளவை மாற்ற வேண்டுமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். நெஞ்சுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் மடுவீதி வரை ரயிலில் போய், அங்கிருந்து வாகனத்தில் ஆலயத்துக்குப் போகலாம். மாதா கோபிக்க மாட்டார்.

கால் நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபன் குளிசைகள் பெரிய சத்துரு. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். சிறுநீரக நோய் பரவியுள்ள வரண்ட வலயத்தில் வாழும் நமக்கு இந்த விளையாட்டு வேண்டாம். தாங்க முடியாத நோவென்றால் அளவோடு பனடோல், அதோடு ஓய்வு.

வெறுங்கால் நேர்த்தி

வெறுங்காலோடு நடப்பது பலருடைய நேர்த்தி. மதிய வெயிலில் தார் வீதி காலைப் பொசுக்கும். கால் விறைப்பும் உணர்வுக் குறைவும் உள்ள நீரிழிவு நோயாளிக்கு அந்தச் சூடும் தெரியாது, ஏறிய முள்ளும் தெரியாது. மாலையில் சாரத்தைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் கொப்பளம் உடைந்து கிடக்கும். அப்படித் தொடங்கிய புண் விரலை எடுப்பதில் முடியலாம். இவர்கள் செருப்பும் பருத்திக் காலுறையும் போட்டே நடக்க வேண்டும். ஆலய வளவுக்குள் கழற்றிக்கொள்ளலாம். குருவானவரிடம் கேட்டால் அவரும் இதையே சொல்வார் என்று நம்புகிறேன். எல்லோருமே இரவில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கொப்பளத்தை உடைக்காமல், கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள்.

படுக்கும் இடம்

மடுவீதிக்கு அப்பால் காடு. இந்தப் பகுதியின் சரணாலயம் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. யானை நடமாடும் இடம். இருட்டிய பின் தனியாக நடக்கக் கூடாது. மிதிவெடிச் சின்னம் கண்ட இடத்தில் ஓரடியும் உள்ளே வைக்கக் கூடாது.

வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பவரைக் கட்டுவிரியன் தீண்டலாம். அது கடித்தால் பல வேளைகளில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழும்புவார்கள். விடியும்போது கண்மடல் சரியும், பேச்சுக் குழறும், மூச்சு முட்டும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாய்க்கடியில் செருகிப் படுப்பது நுளம்புக்கும் பாம்புக்கும் காவல். மணல் பாங்கான இடங்களில் சுருட்டை விரியனும் உண்டு. எழும்பினால் ரோர்ச் அடித்தே காலை வையுங்கள்.

மடு மண் விஷம் தீர்க்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. மண்ணைப் பூசுங்கள், செபியுங்கள், ஆனால் வைத்தியசாலைக்குப் போகும் வாகனத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யுங்கள். கடித்த இடத்தை வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு ஊசி அரச வைத்தியசாலைகளில் இலவசம்.

ஒருவர் விழுந்தால்

தலைசுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு: நிழல், ஜீவனி, அரை நாள் ஓய்வு. ஆனால் உளறுகிறார், தள்ளாடுகிறார், கூப்பிட்டால் பேச்சில்லை, உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வியர்த்தபடியும் வரும். வாகனம் வரும்வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே குளிரச் செய்யுங்கள். உடையைத் தளர்த்தி, உச்சி முதல் பாதம் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். இலவச அம்புலன்ஸ் வரும். எந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின்

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றது. அந்த ஆண்டு முடியுமுன்பே, கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகி இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சை நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. டெங்குவும் உண்டு. மணல் ஈ கடித்த இடத்தில் வலியில்லாத பரு வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பது லெயிஷ்மேனியாசிஸாக இருக்கலாம். நடந்துவிட்டு வந்த சில கிழமைகளுக்குள் காய்ச்சல் கண்டால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போய், எந்தத் திகதியில் எங்கே நடந்தீர்கள், இரவில் எங்கே படுத்தீர்கள், கூட வந்தவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் இருந்தாரா என்பதை, வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.