மூட்டழற்சி, குருதிக்குழல் அழற்சி ஆய்வுகளில் நோயாளியின் மொழி: கிளென்மார்கன் தேயிலைத் தோட்டச் சூழலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மூட்டழற்சி, முடக்குவாதம், குருதிக்குழல் அழற்சி, வினாநிரல், மருத்துவத் தமிழ், நீலகிரி

முன்னுரை

உதகையிலிருந்து பைக்காரா செல்லும் வழிப்பகுதியில் அமைந்த கிளென்மார்கன், தேயிலைச் சரிவுகளும் நீர்த்தேக்கமும் சூழ்ந்த சிற்றூர். மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் மேட்டுநிலங்களில் உறைபனி படிவதுண்டு. அத்தகைய காலைப்பொழுதில் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்ணின் விரல்கள் மடங்க மறுத்தால், குளிரே காரணம் என்று அவரும் வீட்டாரும் கொள்வது இயல்பு. வெயிலேறி, வேலை நடக்க நடக்க விரல்கள் இளகும்போது அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படும். மருத்துவம் இதனை வேறுவகையில் பொருள்கொள்கிறது. தேய்மானத்தால் வரும் வலி பொதுவாக உழைப்பில் மிகுந்து ஓய்வில் தணியும். அழற்சியால் வரும் இறுக்கம் ஓய்வுக்குப்பின் மிகுந்து அசைவில் தளரும். ஆகவே, ‘வேலை செய்தால் சரியாகிவிடுகிறது’ என்னும் ஆறுதல் மொழியே நோயின் அறிகுறியாக அமையக்கூடும். இந்நோய்களைக் குறித்த மருத்துவ ஆய்வு குருதிச் சோதனையை மட்டும் நம்பி நடப்பதன்று. நோயாளியின் சொல்லையும் நம்பி நடக்கிறது. அச்சொல் தமிழாக இருக்கும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

வாதமும் அழற்சியும்

சித்த மருத்துவ மரபில் யூகி முனிவர் வாத நோய்களை எண்பதாக வகுத்தார் என்பர். அவ்வகைப்பாட்டின் நுட்பம் இன்றைய பேச்சுவழக்கில் தங்கவில்லை. ‘வாதம்’ என்னும் சொல் மட்டும் தங்கியது. மூளைக் குருதியோட்டம் தடைப்படுவதால் வருவது பக்கவாதம். தீநுண்மி நரம்பைத் தாக்குவதால் வருவது இளம்பிள்ளை வாதம். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது முடக்குவாதம். காரணத்தால் முற்றிலும் வேறான மூன்றும் ஒரே ஈற்றைத் தாங்கி நிற்கின்றன. இதனால் ‘முடக்குவாதம்’ என்றதும் கேட்போர் மனத்தில் எழுவது முடங்கிப்போன உடலின் தோற்றமே. இன்னும் நடமாடிக்கொண்டும் கூலிக்குச் சென்றுகொண்டும் இருப்பவர் அப்பெயரைத் தமக்குரியதாக ஏற்கத் தயங்குவார். மறுபுறம் ‘மூட்டுவலி’ என்ற சொல் முதுமைக்கும் உழைப்புக்கும் பொதுவாகி, நோயை எளிதாக்கிவிடுகிறது. முதற்சொல் மிகத் தாமதமாக வந்து சேர்கிறது. இரண்டாவது எதையும் உணர்த்துவதில்லை. தொடக்க மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டின் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம் என்பதால் இவ்விடைவெளி சிறிதன்று.

‘அழற்சி’ என்னும் கலைச்சொல் இவ்விடத்தில் பொருத்தமானது. அழல் என்பது தீ. வீங்கிய மூட்டைத் தொட்டால் சுடும் என்னும் நேரடி அனுபவத்தை அது தன்னுள் கொண்டுள்ளது. எனினும் பாடநூலைத் தாண்டி அது மருத்துவமனை வரிசைக்கு இன்னும் வரவில்லை.

வினாநிரலில் விடுபட்ட கால்கள்

நோயாளியின் அன்றாடச் செயல்திறனை அளக்க, 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் உடல்நல மதிப்பீட்டு வினாநிரல் உருவாக்கப்பட்டது. இருபது வினாக்கள் கொண்ட அதில் பால் அட்டைப்பெட்டியைத் திறத்தல், இறைச்சியை வெட்டுதல், குளியல் தொட்டியில் குளித்தல் போன்ற செயல்கள் இடம்பெற்றன. 2002இல் வெளியான இந்திய வடிவம் வினாக்களைப் பன்னிரண்டாகச் சுருக்கியது. புடவை அல்லது வேட்டி கட்டுதல், தரையில் சம்மணமிடுதல், ஆட்டோவில் ஏறி இறங்குதல், காய்கறிச் சந்தைக்குச் சென்றுவருதல் ஆகியவற்றைச் சேர்த்தது. இது மொழிபெயர்ப்பைக் கடந்த பண்பாட்டு ஆக்கம். ஆயினும் சமதளத்தில் நடக்க இயலுமா என்ற வினா இதிலும் தொடர்கிறது. கிளென்மார்கன் போன்ற சரிவில் வாழ்வோரிடம் அவ்வினாவுக்குப் பெறும் விடை எதனை அளக்கும் என்பது ஐயத்திற்குரியது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்களின் பணியோ, கத்தரி பிடிக்கும் மணிக்கட்டின் பணியோ இதில் இல்லை.

நோயின் தீவிரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் 28 மூட்டுக் கணக்கு தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், முழங்கால் மூட்டுகளை எண்ணுகிறது. கணுக்காலையும் பாதத்தையும் எண்ணுவதில்லை. எண்ணுவதற்கு எளிமை வேண்டி விடப்பட்டவை அவை. ஆனால் சுமையுடன் சரிவிறங்கும் தொழிலாளியின் உடல் ஊன்றி நிற்பது அவற்றின்மீதுதான்.

விறைப்பும் மரப்பும்

அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. நெடுநாள் முடக்குவாதம் உள்ளவருள் சிலருக்கு, அரிதாகச் சிறு குருதிக்குழல்களும் அழற்சியுறும். நகவோரத்தில் கரும்புள்ளிகள், காலில் ஆறாப் புண், நரம்புக்குக் குருதி குறைவதால் மரத்துப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். தமிழ்ச்சொல்லின் இடர் இங்குதான் கூர்மையடைகிறது. ‘கை விறைக்கிறது’ என்று ஒருவர் கூறினால் அது மூட்டின் இறுக்கமாகலாம், உணர்விழந்த மரப்பாகலாம், குளிரின் விளைவும் ஆகலாம். முதலாவது மூட்டழற்சியைச் சுட்டும். இரண்டாவது நரம்பையும் குருதிக்குழலையும் ஆராயச் சொல்லும். ‘காலை விறைப்பு உண்டா?’ என்று மொழிபெயர்த்த வினா இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் குறித்துவிடுகிறது. ‘எழுந்தபின் கை முழுதாக மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது?’, ‘தொட்டால் உணர்வு தெரிகிறதா?’ என்று பிரித்துக் கேட்பதே தக்கது.

குளிரில் விரல் வெளிறி, நீலமாகி, பின் சிவக்கும் நிலையை 1862இல் மோரிஸ் ரேனோ விவரித்தார். பலருக்கு அது தீங்கற்றது; சிலருக்கு இணைப்புத்திசு நோயின் முன்னறிகுறி. மாநிறத் தோலில் வெளிறல் எளிதில் புலப்படாது. எனவே நீலகிரியில் இவ்வினாவையும் நிறத்தோடு நிறுத்தாமல் கேட்க வேண்டும்.

பெருங்குழல்களைத் தாக்கும் தகயாசு நோயில் இந்திய ஆய்வுக்குத் தனியிடம் உண்டு. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு அறிவித்த இந்நோய், பெரும்பாலும் இளம்பெண்களைத் தாக்கும். கையில் நாடி தட்டுப்படாது போவதால் நாடியற்ற நோய் என்றும் பெயர்பெற்றது. அதன் தீவிரத்தை அளக்க ராம்நாத் மிஸ்ரா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தேபாசிஷ் தண்டா உள்ளிட்டோர் உருவாக்கிய இந்திய அளவுகோல் 2013இல் வெளியானது. அதன் 44 கூறுகளுள் 33 இதயமும் குருதிக்குழலும் சார்ந்தவை. அண்மை மூன்று மாதங்களில் புதிதாகத் தோன்றியதையோ மோசமடைந்ததையோ மட்டுமே அது கணக்கில் கொள்ளும். ‘எப்போதிருந்து?’ என்ற வினாவுக்கு நோயாளி தரும் விடையே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது என்பது இதன் பொருள்.

வாரம், கிழமை

சொல்லின் பிழை உயிரைத் தொடும் இடம் மருந்துச் சீட்டு. முடக்குவாதத்திற்கு 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை ஒடுங்கி இறப்பு நேரலாம். இத்தவறு பல நாடுகளில் பதிவாகியுள்ளது. உடன் தரப்படும் போலிக் அமில மாத்திரையும் பலவேளை மஞ்சள் நிறமே. தமிழகத்தில் ‘கிழமை’ நாளின் பெயரோடு வரும். இலங்கைத் தமிழில் அது வாரத்தையும் குறிக்கும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல வாழும் மாவட்டத்தில் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது. ‘வாரம் ஒன்று’ என எழுதுவதைவிட, ‘செவ்வாய்க்கிழமை மட்டும்; மற்ற நாள்களில் கூடாது’ என்று எழுதி, நோயாளியையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்வது பாதுகாப்பானது.