பாட் யாரைக் கூப்பிடுகிறது?

போடிநாயக்கனூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மையங்களில் நடக்கும் ஏலக்காய் ஏலம் எப்போதோ கணினிக்கு மாறிவிட்டது. 2021-இல் இரண்டு மையங்களையும் இணையத்தில் இணைத்த பிறகு, போடியில் உட்கார்ந்தபடியே புற்றடிச் சரக்குக்கும் விலை கேட்கலாம். இந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டக்காரர், காய் உலர்த்துபவர், ஜீப் ஓட்டுநர், வியாபாரியின் கணக்கர் என்று இருநூறு பேர். தானாகச் செய்தி போடும் ஒரு பாட்டும் உண்டு. ‘முருகன், உங்கள் 47-ஆம் லாட் விற்றுவிட்டது, பில்லைப் பாருங்கள்’ என்று அது எழுதுகிறது. குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உடும்பன்சோலைப் பக்கம் தோட்டத்தில் நிற்கும் முருகனின் போன் அசையவே அசையாது. பெயரை எழுதுவது வேறு, ஆளைக் கூப்பிடுவது வேறு. பாட் எழுதுபவர்கள் பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கூப்பிடுவதற்கு டெலிகிராமில் இரண்டு வழி. ஒன்று, @ குறிக்குப் பின் பயனர்பெயர் போடுவது. அந்தப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம், தமிழுக்கு இடமில்லை. பயனர்பெயரே வைத்துக்கொள்ளாதவர்களும் ஏராளம், வைத்தவரும் நாளைக்கே மாற்றிவிடலாம். மற்றொன்று, ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள மாறாத எண்ணைக் கொண்டு கூப்பிடுவது. முருகனும் பாண்டியும் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊரில் இந்த இரண்டாவது வழிதான் நம்பகமானது. ஸ்லாக், டிஸ்கார்ட் போன்றவையும் உள்ளே எண்ணையோ அடையாளக் குறியையோ வைத்துக்கொண்டு, பெயரைத் திரையில் மட்டும் காட்டுகின்றன.

இதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. செய்தியில் எந்த இடத்தில் தொடங்கி எவ்வளவு நீளத்துக்கு அந்த அழைப்பு என்று டெலிகிராமுக்குச் சொல்ல வேண்டும். அதை, கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ண வேண்டும். ‘முருகன்’ நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என ஏழு. நாலு என்று கொடுத்தால் ‘முரு’ மட்டும் அழைப்புக்குரிய நீல நிறமாகி, ‘கன்’ கறுப்பாகவே நிற்கும். பைத்தான் மொழியில் எழுதினால் ஏழு சரியாகவே வரும்; ஆனால் பெயருக்கு முன்னால் அழகுக்காக ஒரு லாரி எமோஜியைப் போட்டால், பைத்தான் அதை ஒன்றென்றும் டெலிகிராம் இரண்டென்றும் எண்ணும், நீலம் ஓரிடம் தள்ளி விழும். பெயரைப் பயனர் எண்ணுக்கான இணைப்பாக எழுதி அனுப்பினால் இந்தக் கணக்கை டெலிகிராமே பார்த்துக்கொள்ளும். அந்த ஆள் குழுவில் இருக்க வேண்டும், அல்லது முன்பே பாட்டோடு பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு போன் போட்டால் முடிந்தது என்பார்கள். போடிமெட்டு ஏறினால் பல இடங்களில் டவர் கிடைக்காது. எடுக்காத போன் அத்தோடு போயிற்று. செய்தியோ சிக்னல் வரும்வரை காத்திருந்து வந்து சேரும். அப்படியானால் தனிச்செய்தியாகவே அனுப்பலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. விலை, பாக்கி, கடன் என்று வந்தால் அதுதான் முறை. அடுத்தவர் பாக்கியை இருநூறு பேர் நடுவே பெயர் சொல்லிக் கேட்பது அசிங்கம். ஆனால் டெலிகிராமில் பாட் தானாகப் போய் யாரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது. அவர்தான் முதலில் அதைத் தொட்டுத் திறக்க வேண்டும். அதுவரை குழுவில் ‘உங்களுக்கு ஒரு தகவல் உண்டு’ என்று மட்டும் கூப்பிட்டு, தொகையை அவர் பாட்டைத் திறந்த பிறகு தனிச்செய்தியில் சொல்வதே சரி.

எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்டால் ஒருவரும் தப்ப மாட்டார்களே என்ற யோசனைதான் எனக்கு ஒப்பவில்லை. ஜீப் ஐந்து மணிக்குக் கிளம்புவது ஓட்டுநருக்கும் ஏறுபவர்களுக்கும் உரிய செய்தி. கணக்கர் எதற்காகத் தூக்கம் கெட வேண்டும்? நாலு நாள் இப்படி நடந்தால் ஐந்தாம் நாள் அவர் குழுவை விட்டுப் போய்விடுவார். போகாமல் இருந்தாலும் மணி அடிப்பதையே மதிக்க மாட்டார், அப்போது உண்மையான அழைப்பும் வீண். டிஸ்கார்டில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாட் அனுப்பும் செய்தியோடு, அதில் யார் யாருக்கு மணி அடிக்கலாம் என்ற பட்டியலையும் தனியே கொடுக்கலாம். அந்தப் பட்டியலைக் காலியாக விட்டால், யாரோ எழுதியதைப் பாட் அப்படியே திருப்பிச் சொல்லும்போது, அதற்குள் எல்லோரையும் அழைக்கும் சொல் ஒளிந்திருந்தாலும் ஒரு போனும் அதிராது. டெலிகிராமில் எழுதுபவர் அந்தப் பட்டியலைத் தன் நிரலிலேயே வைத்துக்கொள்ளலாம்: முதலில் காலியாக விட்டு, லாட்டுக்கு உரியவர், அன்றைய ஜீப் ஓட்டுநர் என்று தேவைப்படும் எண்ணை மட்டும் அந்தந்தச் செய்திக்குச் சேர்த்தால் போதும்.