மூணு மாசமா ட்விங்கிள் ட்விங்கிள்தானா? – குழந்தையின் முதல் பியானோ வகுப்பு

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பிள்ளையை பியானோ வகுப்பில் சேர்த்த பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது: "மூணு மாசம் ஃபீஸ் கட்டியாச்சு. இன்னும் ட்விங்கிள் ட்விங்கிளே வாசிக்கிறான். மாஸ்டரை மாத்திடலாமா?"

மாத்துறதுக்கு முன்னாடி, அந்த மூணு மாசத்தில் என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை முதலில் பழகுவது பாட்டை அல்ல, உடம்பை. முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வரும்படி உட்காரணும். மணிக்கட்டு தளர்வா இருக்கணும். விரலை வளைத்து நுனியால் அழுத்தணும். உங்க உள்ளங்கையை மேசையில் வைத்து, மோதிரவிரலை மட்டும் தூக்கிப் பாருங்க. லேசில் வராது, பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு அது பிணைந்திருக்கிறது. பெரியவங்களுக்கே இப்படின்னா, குழந்தைக்கு எவ்வளவு நாள் ஆகும்?

ட்விங்கிள் மெட்டில் மொத்தம் ஆறே ஸ்வரம். கையில் இருப்பதோ ஐந்து விரல். அந்த ஆறாவது ஸ்வரத்துக்கு கை கொஞ்சம் எட்டணும். பாடமே அதுதான்.

அந்த மெட்டுக்கு நம்ம ஊரோடு ஒரு தொடர்பும் உண்டு. இன்று பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலியில்தான் முத்துசுவாமி தீட்சிதர் இளவயதில் வாழ்ந்தார். அவர் குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார் வழியாக, கோட்டையில் கம்பெனி பேண்டு இசையைக் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அப்படிக் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதியவை 'நோட்டுஸ்வரங்கள்'. அதில் 'சியாமளே மீனாக்ஷி' ட்விங்கிள் மெட்டேதான். 'ஸி'யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் வந்துவிடும். பாட்டு வகுப்புக்கும் போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்க, முகம் மலரும்.

அடுத்து வாத்தியம். காசிமேட்டு உப்புக்காத்தில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்குது. நிஜ பியானோவில் 200-க்கும் மேற்பட்ட இரும்புத் தந்திகள். மரப்பலகையும் ஈரப்பதத்துக்கு உப்பி, சுருதி மாறும். அதனால் டிஜிட்டல் போதும். ஆரம்பத்துக்கு 61 கட்டை கீபோர்டே சரி. ஆனால் மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி வருதான்னு கடையிலேயே சோதிக்கணும். எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம் வரும் மாடலில் பியானோவின் உயிரான விஷயமே பழகாது. பிள்ளை நிலைத்து நின்றால், 88 எடையுள்ள கட்டைகள் கொண்டதை அப்புறம் வாங்கலாம்.

டிரினிட்டி தேர்வில் இனிஷியல், பிறகு 1 முதல் 8 வரை கிரேடுகள். பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனி பாடத்திட்டம். மாஸ்டர் எதற்குத் தயார் செய்கிறார்னு முதலிலேயே கேட்டுக்குங்க. முதல் வருஷமே தேர்வு எழுதணும்னு ஒண்ணும் இல்ல. இளையராஜா சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றது இருபதுகளின் நடுவில். என்ன அவசரம்?

வீட்டில் தினமும் பத்து நிமிஷம் போதும். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட அது மேல். பக்கத்தில் உட்காருங்க, திருத்தாதீங்க. "எனக்கும் சொல்லிக்கொடேன்"னு கேளுங்க.

மாஸ்டரை மாத்த வேண்டிய நேரமும் உண்டு. கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டி, நம்பர் சொல்லி, சினிமாப் பாட்டை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், தோள் இறுகி கை வலிக்குதுன்னு பிள்ளை சொல்லியும் கண்டுக்காமல் விட்டால், வகுப்பு நாளில் பிள்ளை அழுதால் யோசிங்க. மத்தபடி, தப்பா வாசிச்சதும் தானே நின்னு, திரும்ப வாசிக்கிறானா பாருங்க. காது வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். விரல் பின்னாலேயே வரும்.