பட்டாளத்துக்காரர் அட்டைக்குப் பின்னால்

சாத்தான்குளம், தட்டார்மடம் பக்கம் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் யாரிடமாவது இ.சி.எச்.எஸ். என்று பேச்செடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். "அட்டை இருக்கு அண்ணாச்சி. ஆஸ்பத்திரில நீட்டுனா, இப்ப இத எடுக்கதில்ல, பணத்தக் கட்டிச் சேருங்கங்காவ" என்பார். எல்லையில் இருபது வருஷம் நின்றவர், பில் கவுண்டரில் இப்படிக் கெஞ்சி நிற்கும் நிலை ஏன் வருகிறது? டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாகப் போய்ப் பார்ப்போம்.

இ.சி.எச்.எஸ். என்பது முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்கு முன்பு ஓய்வு பெற்றவருக்கு இருந்தது ராணுவ ஆஸ்பத்திரி மட்டும்தான். நம் பக்கத்து ஆட்கள் அதற்குத் திருவனந்தபுரம் பாங்கோடு வரை போக வேண்டும். போனாலும் பணியில் இருப்பவருக்கே முதல் இடம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பாலிகிளினிக்குகளைத் திறந்து, ஊர் ஊராகத் தனியார் ஆஸ்பத்திரிகளையும் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். இன்று நாடு முழுக்க 448 பாலிகிளினிக்குகள், அவற்றின் மேல் 30 மண்டல மையங்கள். பயனாளிகள் சுமார் 63 லட்சம் பேர்.

நடைமுறை இதுதான். சாத்தான்குளத்துக்காரர் பஸ் ஏறித் திருநெல்வேலி பாலிகிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள டாக்டர் பார்த்து, மாத்திரையில் தீரும் என்றால் மாத்திரை தருவார். பெரிய சிகிச்சை என்றால் ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதுவார். அதற்கு 'ரெஃபரல்' என்று பெயர். ரெஃபரலோடு போகிறவரிடம் ஆஸ்பத்திரி முன்பணம் வாங்கக் கூடாது. பில்லை அரசுக்கே அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது.

இங்கேதான் எல்லாருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. இதை இன்சூரன்ஸ் என்று நினைக்கிறோம். நினைப்பதிலும் நியாயம் உண்டு, பணம் கட்டியிருக்கிறார்களே! 2017 கடைசியில் வந்த விகிதப்படி, ஹவில்தார் வரை 30,000 ரூபாய், சுபேதார் மட்டத்தில் 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஒரே தடவை கட்டினால் போதும், ஆயுசு முழுக்க உறுப்பினர். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. அட்டையும் கையில் இருப்பதால், எங்கோ நம் பெயரில் ஒரு நிதி வளர்ந்து வருகிறது, நோய் வந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள் என்று மனசு முடிவு கட்டிக்கொள்கிறது.

அப்படி ஒரு நிதி கிடையாது. நாம் கட்டியது அரசுக் கருவூலத்துக்குப் போய்விடுகிறது. சிகிச்சைக்கான பணம் ஆண்டுதோறும் பாதுகாப்புத் துறை பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீடு போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை, மணிமுத்தாறு அணைக் கால்வாயின் கடைசிப் பகுதியான நாலாவது ரீச்சைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அணை திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வரும். ஆனால் திறந்த அளவு ஆயக்கட்டுக்குப் போதாது என்றால், முதல் ரீச்சு நனையும், கடைமடைக் குளம் காயும். யாரும் தண்ணீரைத் திருடியிருக்க வேண்டியதில்லை. கடைமடையில் நிற்கிற மடைக்காரரைத் திட்டியும் பிரயோசனமில்லை.

2023-24-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கியது போதவில்லை. நடுவிலேயே சிகிச்சைச் செலவுக்கு 70 சதவீதம் கூட்ட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு 6,968 கோடி, 2025-26-ல் 8,317 கோடி என்று ஒதுக்கீடு ஏறியது. ஏறியது நல்லதுதான். ஆனாலும் பழைய ஆண்டில் கொடுக்காமல் விட்ட பில்கள் புது ஆண்டுப் பணத்தைத்தான் முதலில் உறிஞ்சும். மாதக்கணக்கில் பாக்கி நிற்கும்போது ஆஸ்பத்திரி, "இப்ப எடுக்கதில்ல" என்கிறது. ஒப்பந்தப்படி அது தவறு, சந்தேகமில்லை. அந்தத் தவறு முளைத்த இடம் மட்டும் டெல்லி.

பில் போகும் பாதையும் நீளம். ஆஸ்பத்திரி அதை ஆன்லைனில் ஏற்றுகிறது. பில் சரிபார்க்கும் நிறுவனத்தின் டாக்டர்கள் வரி வரியாகப் பார்க்கிறார்கள். ஒரு ஸ்கேன் அறிக்கை விட்டுப்போனால் 'என்.எம்.ஐ.' என்று குறித்துத் திருப்பிவிடுவார்கள். கூடுதல் விவரம் வேண்டும் என்பதன் சுருக்கம் அது. பிறகு மண்டல மையம், தொகை பெரிது என்றால் அதற்கும் மேலே. ஒவ்வொரு மேசையிலும் காத்திருப்பு.

இதோடு கட்டண விகிதமும் சேர்கிறது. மத்திய அரசு ஊழியர் திட்டமான சி.ஜி.எச்.எஸ். விகிதம்தான் இதற்கும் அடிப்படை. 2023 வரை ஒரு புறநோயாளியைப் பார்க்க டாக்டருக்கு அதில் 150 ரூபாய். அந்த ஆண்டு 350 ஆனது. 2014-ல் போட்ட சிகிச்சை விகிதங்களை முழுசாகத் திருத்தியது 2025 அக்டோபரில்தான். குறைந்த விகிதம், அதுவும் தாமதமாக. பட்டாளத்துக்காரரைச் சேர்க்க நிர்வாகம் தயங்குவதற்கு அதிலும் ஒரு பங்கு உண்டு.

மருந்துக் கவுண்டர் கதை வேறு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் மாத்திரை வாங்கப் போன அம்மா கையில் சீட்டு திரும்பி வருகிறது. நாலு மருந்தில் இரண்டுக்குப் பக்கத்தில் 'என்.ஏ.' என்று பேனாவால் கிறுக்கியிருக்கும். இருப்பில் இல்லை என்று பொருள். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வெளியில் வாங்கிக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம். மருந்துத் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை, பில் தாமதம் எல்லாவற்றையும் தலைமைத் தணிக்கையாளர் 2015 அறிக்கையிலேயே எழுதிவிட்டார். பாலிகிளினிக் டாக்டர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வேறு நல்ல வேலை கிடைத்தால் போய்விடுகிறார்கள், நாற்காலி காலியாக நிற்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு விதவைத் தாய் இரண்டு மாத்திரைக்காக இரண்டு தடவை பஸ் ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்புவோம். ஆஸ்பத்திரி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் தேதி, நேரம், சொன்னவர் பெயர் குறித்து பாலிகிளினிக் பொறுப்பதிகாரிக்கும் மண்டல மையத்துக்கும் மனுப் போடுங்கள். நம் எம்.பி.யிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஏப்ரலில் ஒதுக்கும் பணத்தில் பழைய பாக்கிக்கு எவ்வளவு போகிறது, இந்த ஆண்டு நோயாளிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

நெஞ்சுவலி, விபத்து என்றால் ரெஃபரலுக்காகத் திருநெல்வேலி வரை ஓட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம், அது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் சரி. ஆனால் 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். கையிலிருந்து கட்டியிருந்தால் விகிதப்படிதான் திரும்ப வரும், முழுசும் வராது. டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில், அவசரம் என்று டாக்டர் எழுதிய சான்று மூன்றையும் வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதீர்கள். ஜெராக்ஸ் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும்.