சீறினால் ஓடும், தணிந்தால் அணையும்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. அடையாறு கரையை மீறியதும், வழக்கமாகப் பைக் ஓடும் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. தேசியப் பேரிடர் மீட்புப் படை ரப்பர் படகுகளோடு வந்தது. மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதே காட்சியை மறுபடி காட்டியது.

தெருவில் ஓடும் படகுக்கு வேகம் பகை. காம்பவுண்டுச் சுவர், தண்ணீருக்குள் மறைந்த கார், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி எல்லாவற்றையும் ஒதுக்கி, ஜன்னலோரம் காத்திருக்கும் பாட்டியைப் பதமாக ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் சில அவுட்போர்டு மோட்டார்கள் மக்கர் செய்யும். ஆக்சிலேட்டரைத் திருகினால் சீறும். தணித்தால் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகும். இந்தப் படகுகளில் பின்னால் சுழலும் விசிறியே சுக்கானும் கூட. அது நின்றால் திசையும் போய்விடும், வெள்ளத்தின் இழுப்புதான் மிச்சம்.

முழு வேகத்தில் குறையில்லாத எந்திரம் மெதுவில் மட்டும் ஏன் சாகிறது? இத்தகைய மோட்டார்கள் பலவற்றில் இன்னும் இருக்கும் கார்புரேட்டரில் பெட்ரோலுக்கு இரண்டு வழிகள் உண்டு. வேகமாக ஓடும்போது, குறுகிய தொண்டை வழியே பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். மெதுவில் காற்றை அடைக்கும் தகடு ஏறக்குறைய மூடிவிடுகிறது. தொண்டையில் உறிஞ்சும் பலம் இல்லை. தகட்டின் விளிம்பை ஒட்டித் திறக்கும் வழியின் ஸ்லோ ஜெட்தான் அப்போது சோறு போடுகிறது. அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு தூசு போதும்.

தூசுகூட வேண்டாம், சும்மா கிடந்தாலே போதும். பல மாதம் தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், பிசின் போன்ற படிவு அந்தத் துளையைப் பூசிவிடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியே தங்கும். எந்திரம் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். நெடுநாள் நின்ற பழைய பைக் ஜி.எஸ்.டி. சாலை சிக்னலில் அணைந்து அணைந்து மானத்தை வாங்குவதும் இதே நோயால்தான்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களுக்கு இன்னொரு சிக்கல். மண்ணெண்ணெய் சூட்டில்தான் நன்றாக ஆவியாகும். மெதுவில் சூடு குறைந்தால் பாதி எரியாமல் பிளக்கைக் கரியாக்கும். அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி, நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கே திரும்புகிறார்கள்.

நோயை அறியக் கருவி தேவையில்லை. அணையப்போகும் நொடியில் சோக்கைச் சற்றே இழுக்க வேண்டும். எந்திரம் தெம்பானால் பெட்ரோல் பற்றவில்லை: ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ காற்றுக் கசிவு. இன்னும் திணறினால் பெட்ரோல் மிகுதி. எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் உருண்டையைப் பிசையும்போது மட்டும் ஓடினால் பம்பையோ குழாய் இணைப்பையோ பார்க்க வேண்டும். நியூட்ரலில் நன்றாக ஓடி, கியர் போட்டதும் நின்றால் முதலில் விசிறியைப் பார்ப்பது நல்லது. நம் ஏரிகளின் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அதில் சுற்றிக்கொள்ள நிமிடம் போதும். கை வைக்கும் முன் எந்திரத்தை அணைத்தே ஆக வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனை எதுவும் வெள்ளத்தின் நடுவே நடக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கி மெதுவேகத்தில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீரில்லாமல் ஓட்டினால் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். மழைக்காலம் முடிந்து மோட்டாரைக் கிடங்கில் வைக்கும் நாளிலும் ஒருமுறை டிரம்தான். அன்றைக்கு எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் தீர்ந்து, மோட்டார் தானாக இருமி அணையும்வரை ஓடவிட வேண்டும்.