கரையணையும் கப்பல், கடலில் நிற்கும் கப்பல்

உல்லாசக் கப்பலில் வரும் பயணி ஓர் ஊரில் கால் வைக்க இரண்டு வழிகள்தாம் உண்டு. கப்பல் துறைமேடையை ஒட்டி அணைந்து நின்றால், இறங்குபாலத்தில் நடந்து நேராகக் கரைக்குப் போகலாம். கப்பல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றால், டெண்டர் எனப்படும் சிறு படகுகள் பயணிகளை நடை நடையாகக் கொண்டுபோய் இறக்கும். பயண அட்டவணையில் ஒற்றைச் சொல்லாக வரும் இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், சக்கர நாற்காலியில் வரும் பாட்டி இறங்க முடியுமா, காற்று வீசினால் அந்த ஊரையே பார்க்காமல் திரும்ப நேருமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. பினாங்கைப் பொறுத்தவரை விடை எளிது. கப்பல் ஜார்ஜ் டவுன் நகரின் வாசலிலேயே, சுவெட்டன்ஹாம் பியர் எனும் துறைமேடையில் கரையணைகிறது.

இதற்கு முதல் காரணம் இயற்கை. பினாங்குத் தீவுக்கும் மலேசியப் பெருநிலத்துக்கும் நடுவே ஓடும் நீரிணையில்தான் துறைமுகம் இருக்கிறது. மேற்கே தீவின் குன்றுகள் மறைக்கின்றன. அதற்கும் அப்பால் சுமத்ரா பெருங்கடலின் அலையைத் தடுத்துக்கொள்கிறது. அதனால் திறந்த கடலில் காணும் பேரலை இந்த நீரிணைக்குள் வருவதில்லை. பெரிய கப்பல்கள் வடக்கு வாய்க்கால் வழியே நுழைகின்றன. தெற்கே 1985இல் திறந்த பாலமும் 2014இல் திறந்த இரண்டாம் பாலமும் குறுக்கே நிற்கின்றன. நீர்மட்டத்துக்கு மேல் 50 மீட்டரைத் தாண்டும் இன்றைய உல்லாசக் கப்பல்கள் அவற்றின் அடியில் நுழைய முடியாது. நல்ல வேளையாகப் பியர் இரு பாலங்களுக்கும் வடக்கே இருக்கிறது.

கப்பல் அணையும் காட்சியை எஸ்பிளனேட் கடற்கரைப் பக்கமிருந்து பார்க்கலாம். துறைமுக வழிகாட்டி முன்பே கப்பலில் ஏறி மாலுமித் தலைவருக்குப் பக்கத்தில் நிற்பார். 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள உடல் பக்கவாட்டில் நகர்ந்து, மேடையோரத்து ரப்பர் அணைகளை மெல்லத் தொடும். நுனியில் கனம் கட்டிய மெல்லிய எறிகயிறு முதலில் கரைக்குப் பறந்து வரும். கரையில் நிற்பவர்கள் அதைப் பிடித்து இழுக்க, அதோடு சேர்ந்து பருத்த வடம் நீரிலிருந்து எழுந்து வரும். அதன் கண்ணியை இரும்புத் தறியில் மாட்டுவார்கள். முன்னும் பின்னும் இப்படிப் பல வடங்கள். நீர்மட்டம் ஏற இறங்க வடத்தின் இழுவையையும் இறங்குபாலத்தின் சரிவையும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். பயணிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் காலை உணவை முடிக்கும்போது கதவு திறந்திருக்கும்.

பியர் கட்டப்பட்டது 1904இல். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயர் அதற்கு வந்தது. அதற்கு முன் நீராவிக் கப்பல்கள் நீரிணையின் நடுவே நங்கூரமிட, ஆளும் சரக்கும் சம்பான், தொங்கான் எனும் படகுகளில் கரைக்கு வந்தன. இன்றைய மொழியில் சொன்னால், பினாங்கும் ஒரு காலத்தில் டெண்டர் துறைமுகம்தான். அந்தத் துறையில் மூட்டை தூக்கிய தமிழ்த் தொழிலாளர்களின் கிட்டங்கிகள் எனும் கூட்டுத் தங்குமிடங்கள் பக்கத்துத் தெருக்களில் இருந்தன. இன்றைய லிட்டல் இந்தியா கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அமைந்தது தற்செயல் அன்று.

சரக்கு வேலை பட்டர்வொர்த் கரைக்குப் போன பிறகு, பியர் பயணிகள் கப்பலுக்கென மாற்றி அமைக்கப்பட்டது. அப்படியும் இடம் போதவில்லை. அப்போது மேடையின் நீளம் சுமார் 400 மீட்டர். ஒரு பெரிய கப்பல் நின்றால் இன்னொன்று காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே பினாங்கு துறைமுக நிறுவனமும் ராயல் கரீபியன் கப்பல் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து, 15.5 கோடி ரிங்கிட் திட்டத்தில் மேடையை 688 மீட்டராக நீட்டின. இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே வேளையில் அணைய வழி பிறந்தது. இயற்கை பாதியைத் தந்தது என்றால் மறுபாதி இந்த முதலீட்டின் பயன்.

தமிழர்கள் பினாங்குக்கு வந்த பாதையிலேயே இந்த இரண்டு வழிகளும் இருந்தன. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நின்ற கப்பலுக்கும் மணற்கரைக்கும் நடுவே மசுலாப் படகுகள் ஓடின. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை அடிக்கும்போது விறைத்து நிற்காமல் வளைந்து கொடுக்கும் என்பதால்தான் அந்தத் தையல். அப்படியும் நனையாமல் கரையேறியவர்கள் குறைவு. 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புத் துறைமேடை வந்தது. பிறகு கட்டத் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தை 1881இன் புயல் சிதைக்க, அதைத் திரும்பவும் கட்ட வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்துக்கு அந்த வசதியும் வாய்க்கவில்லை. 1926இல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்தப் பாதையில் ஓடிய ‘ரஜூலா’ கப்பல் நாகையில் கரையணைய முடியாது. எட்டத்தில் நிற்கும், மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் படகில் போய், ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏற வேண்டும். மறுகரையில், தோட்டத் தொழிலாளர்களாக வந்தவர்களுக்கு ஜார்ஜ் டவுன் முதல் நிறுத்தமாக இருக்கவில்லை. ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமைக் கடந்த பிறகுதான் அவர்கள் வெளியே விடப்பட்டார்கள். கப்பல் எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்கு வசதியைப் பற்றிய கேள்வியே அன்று.

உலகில் உல்லாசக் கப்பல்கள் மிகுதியாகச் சுற்றும் கரீபியன் கடலில் இன்னொரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது. கேமன் தீவுகளின் தலைநகரான அங்கே நிலைமை நேர்மாறு: பெரிய உல்லாசக் கப்பல் அணைய மேடை இல்லை, கப்பல்கள் கடலில் நிற்கின்றன, பயணிகள் படகில் வருகிறார்கள். மேடை கட்டினால் துறைமுகத்தை ஒட்டிய பவளப்பாறை தோண்டப்படும் என்ற கவலை அங்கே பல ஆண்டு விவாதமாக நீடித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று பொதுத்தேர்தலோடு நடந்த மக்கள் வாக்கெடுப்பில் மேடைத் திட்டத்தைப் பெரும்பான்மையோர் நிராகரித்தனர். பெலீஸ் நகரில் காரணம் வேறு: கடல் ஆழமில்லை, கப்பல் பல மைல் தள்ளியே நிற்க வேண்டும். ஜமைக்காவின் பால்மவுத்தோ பினாங்கின் வழியைத் தேர்ந்தது. மிகப் பெரிய கப்பல்களை மனத்தில் வைத்து 2011இல் அங்கே துறை திறக்கப்பட்டது. ஆக, கப்பல் கரையணைவதா வேண்டாமா என்பதைச் சில இடங்களில் கடலடி தீர்மானிக்கிறது. சில இடங்களில் ஊர் மக்களே தீர்மானிக்கிறார்கள். பவளப்பாறையைக் காத்துக்கொண்ட கேமன் மக்களின் முடிவு மதிக்கத்தக்கது. பினாங்கு நீரிணைக்கு அந்த இழப்புக் கணக்கு பொருந்தாது.

டெண்டர் முறையின் சிக்கலைக் கணக்குப் போட்டால் புரியும். 3,000 பேர் இறங்க வேண்டும், ஒரு படகில் 120 பேர் என்றால் போக மட்டும் 25 நடை, திரும்ப 25 நடை. பெரும்பாலும் கப்பலின் உயிர்காப்புப் படகுகளே இதற்குப் பயன்படும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க விரும்புவதால் வரிசை எண் கொடுப்பார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்கும் படகின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி அலையோடு ஏறி இறங்கும். மாலுமி கையைப் பிடித்துக்கொள்ள, சரியான கணத்தில் அடி எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியை நம்பியிருப்பவர்களும் அங்கேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். காற்று வலுத்தால் நிறுத்தமே ரத்தாகும். இதே வட்டாரத்தில், தாய்லாந்தின் புக்கெட்டில் பாத்தோங் விரிகுடாவில் நிற்கும் கப்பல்களும் சாமுய் தீவுக்குப் போகும் கப்பல்களும் படகைத்தான் நம்பியிருக்கின்றன.

பினாங்கில் இறங்குபவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பியர் வாசலைத் தாண்டினால், விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாகக் கட்டிய மணிக்கூண்டு. அதற்குப் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. லெபோ பந்தாய் வழியே நடந்து லெபோ பாசாருக்குத் திரும்பினால் லிட்டல் இந்தியா. லெபோ குயினில் 1833இலிருந்து இருக்கும் மகா மாரியம்மன் கோயில். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி முழுவதும் நடக்கும் தொலைவுக்குள் வந்துவிடுகிறது. வாடகை வண்டி பிடிக்காமல் ஊரைப் பார்த்து, நாசி கண்டார் சாப்பிட்டு, மத்தியான வெயிலுக்குக் கப்பலில் போய் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மறுபடி இறங்கலாம். படகுக்குக் காத்திருக்கும் ஊரில் இப்படி இருமுறை இறங்க யாருக்கும் மனம் வராது. சிறு கடைக்காரருக்கு அந்த மாலை நேரம்தான் வியாபாரம். இரண்டு கப்பல் ஒரே காலையில் வந்தால் குறுகிய தெருக்களில் நெரிசல் கடுமையாகிறது என்பதும் உண்மை. பழைய நகரில் குடியிருப்பவர்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கப்பல்களின் நாளையும் நேரத்தையும் பிரித்து ஒதுக்குவது துறைமுகத்தின் கடமை.

பயணச்சீட்டு வாங்குமுன் அட்டவணையில் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே ‘டெண்டர்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதியவர்களை அழைத்துப் போவதானால் கட்டாயம் பாருங்கள். கரையில் இருக்கும்போது கைப்பேசி காட்டும் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றா என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்னால். இரு நாட்டுத் துறைகளையும் தொடும் பயணத்தில் அந்த ஒரு மணி தவறினால் கப்பல் போய்விடும்.