பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு

மின்சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "பஞ்சர் ஒட்டக் கொடுத்தேன். ஒட்டி, மாட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து மோட்டார் ஓடவில்லை." பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, டிஸ்ப்ளே எரிகிறது, மிதித்தால் உதவிதான் வருவதில்லை. சிலருக்குக் கிளம்பும்போதே சக்கரம் கடகடவென்று உதறிவிட்டு நின்றுபோகும். சிலருக்குக் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, திரையில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டு அடங்கிவிடும். உடனே யாராவது ஒருவர் 'மோட்டார் போச்சு' என்பார். இன்னொருவர் 'கன்ட்ரோலர்' என்பார்.

பெரும்பாலும் இரண்டுமே போயிருக்காது. காலையில் ஓடிய வண்டி பஞ்சர் ஒட்டிய பிறகு ஓடவில்லை என்றால், இடையில் கை பட்ட இடத்தில்தான் கோளாறு. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது கை படும் இடங்கள் நான்கைந்துதான். அவை ஒவ்வொன்றும் ஏன் வண்டியையே நிறுத்திவிடுகின்றன என்று புரிய, சக்கரத்தின் குடத்துக்குள் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

குடத்துக்குள் மோட்டாரை வைக்கும் யோசனை மிகப் பழையது. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பர் 31 அன்று ஒரு மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அதிலும் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில்தான் இருந்தது. 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கும் என்று அதில் எழுதியிருந்தார். அவருடைய மோட்டார் பிரஷ் வைத்த பழைய ரகம். சுற்றச் சுற்ற எந்தக் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதை அந்த பிரஷ்கள் உரசி உரசியே மாற்றிவிடும். ஆகவே வெளியிலிருந்து இரண்டு வயர் வந்தால் போதும்.

இன்றைய ஹப் மோட்டாரில் பிரஷ் இல்லை. தேய்மானமும் இரைச்சலும் குறைந்தன. ஆனால் பிரஷ் பார்த்த வேலையை இப்போது வேறு யாராவது பார்த்தாக வேண்டுமே. கம்பிச்சுருள்கள் நடு அச்சோடு அசையாமல் நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் காந்தங்கள் சுற்றுகின்றன. சில மோட்டார்களில் காந்தங்கள் வெளி ஓட்டிலேயே ஒட்டியிருக்கும். இப்போது அதிகம் விற்கும் சிறிய ரகத்தில் உள்ளே பற்சக்கரங்கள் இருக்கும். காந்தங்கள் நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றி, பற்சக்கரங்கள் வழியாகச் சக்கரத்தைத் தள்ளும். எந்த ரகமானாலும் சுருள்கள் மூன்று கூட்டம். எந்த நொடியில் எந்தக் கூட்டத்துக்கு மின்சாரம் கொடுப்பது என்று கன்ட்ரோலர்தான் முடிவு செய்கிறது. அதற்குக் காந்தங்கள் இப்போது எங்கே நிற்கின்றன என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தச் செய்தியைச் சொல்வது ஹால் சென்சார். மின்சாரம் ஓடும் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் பாய்ந்தால், தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது என்று 1879-ல் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் தங்கத் தகட்டை வைத்துக் கண்டறிந்தார். அதே விளைவு மிளகளவு சில்லாக இன்று மோட்டாருக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூன்று சென்சார்கள். எதிரே வரும் காந்தத்தின் முனையைப் பொறுத்து ஒவ்வொன்றும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும். மூன்றும் சேர்ந்தால் எட்டுச் சேர்க்கைகள் வர வேண்டும். ஆனால் சென்சார்களை அமைத்திருக்கும் இடைவெளியால் வழக்கமான மோட்டார்களில் மூன்றும் ஒரே நேரத்தில் 'உண்டு' என்றோ, மூன்றும் 'இல்லை' என்றோ சொல்லவே முடியாது. மிச்சமுள்ள ஆறு சேர்க்கைகள்தான் கன்ட்ரோலருக்கு வழிகாட்டி. வரக் கூடாத அந்த இரண்டில் ஒன்று வந்துவிட்டால், எங்கோ வயர் அறுந்திருக்கிறது என்று அது புரிந்துகொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும்.

இப்போது வயர்களைக் கூட்டிப் பாருங்கள். சுருள்களுக்குத் தடித்த வயர் மூன்று. சென்சார்களுக்கு 5 வோல்ட் ஒன்று, தரைவயர் ஒன்று, செய்தி வயர் மூன்று. பல மோட்டார்களில் வேகம் சொல்ல இன்னொன்று. ஆக ஒன்பது. இந்த ஒன்பதும் விரல் தடிமனுள்ள ஒரே கேபிளாக, துளையிட்ட அச்சின் நுனி வழியே வெளியே வந்து, பின் கவட்டையருகே ஒரு வட்டக் கனெக்டரில் முடிகின்றன. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் இந்தக் கனெக்டரைப் பிரித்தாக வேண்டும். பிரச்சினைகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

மழைநீர் புகாமல் இருக்க இந்தக் கனெக்டரின் ரப்பர் மிக இறுக்கமாக இருக்கும். கொஞ்சம் உள்ளே போனதுமே 'முடிந்தது' என்று தோன்றும், முடிந்திருக்காது. பல கனெக்டர்களில் எதுவரை உள்ளே போக வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மறையும்வரை தள்ள வேண்டும். இரு பக்கமும் அம்புக்குறி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். திருகிக்கொண்டே தள்ளக் கூடாது. திருகினால் உள்ளே இருக்கும் ஊசி போன்ற பின் ஒன்று மடங்கிப் படுத்துவிடும். ஒன்பதில் ஒன்று படுத்தாலும் போதும், வண்டி தகராறு செய்யும்.

எது படுத்தது என்பதை வண்டி நடந்துகொள்ளும் விதமே ஓரளவு சொல்லிவிடும். தடித்த மூன்றில் ஒன்று தொடாவிட்டால், சக்கரம் உதறும், உறுமும், சில நிலைகளில் கையால் தள்ளிவிட்டால் ஓடும். ஹால் செய்தி ஒன்று வராவிட்டாலும் ஏறக்குறைய இதே உதறல்தான். வேகம் சொல்லும் வயர் மட்டும் தொடாவிட்டால், மோட்டார் அழகாகக் கிளம்பும், ஆனால் திரையில் வேகம் பூஜ்யத்திலேயே நிற்கும், சில நொடிகளில் கன்ட்ரோலர் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். ஆளைக் குழப்பிவிடுவது 5 வோல்ட் வயர்தான். பல வண்டிகளில் கன்ட்ரோலருக்குள்ளிருந்து வரும் அதே 5 வோல்ட்டைத்தான் த்ராட்டிலும் பெடல் சென்சாரும் குடிக்கின்றன. மோட்டார் கேபிளில் அது தரைவயரோடு ஒட்டிக்கொண்டால் த்ராட்டிலும் செத்துவிடும். பின்சக்கரத்தில் கை வைத்தவருக்கு, கைப்பிடியில் இருக்கும் த்ராட்டில் ஏன் செத்தது என்று எப்படித் தெரியும்? புது த்ராட்டில் வாங்கிப் போட்டுப் பார்த்துக் காசை விட்டவர்கள் உண்டு. கனெக்டரைப் பிரித்ததும் த்ராட்டிலின் 5 வோல்ட் திரும்பி வந்தால், கோளாறு மோட்டார்ப் பக்கம்தான்.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. பேட்டரியை எடுத்துவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். உள்ளே பற்சக்கரம் உள்ள மோட்டாரானால் பின்னோக்கிச் சுற்ற வேண்டும்; முன்னோக்கிச் சுற்றினால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் விட்டுக்கொடுத்துவிடும், ஒன்றும் தெரியாது. சுற்றும் காந்தம் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். வயர்கள் தனித்தனியே இருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக வழியில்லை, சக்கரம் இலகுவாகச் சுற்றும். இரண்டு தடித்த வயர்கள் எங்கோ உரசி ஒன்றாகியிருந்தால் மின்சாரம் அந்த வழியே ஓடி, தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். சக்கரம் விட்டுவிட்டுக் கனக்கும். கனெக்டரைப் பிரித்த பிறகும் அந்தக் கனம் இருந்தால் பழுது கேபிளிலோ மோட்டாரிலோ. பிரித்ததும் கனம் போய்விட்டால் பழுது கன்ட்ரோலரில். பட்டறையில் இதைவிட விரைவாகத் தீர்ப்புச் சொல்லும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

கனெக்டருக்கு அடுத்தது அச்சு. சாதாரண சைக்கிளில் அச்சு சும்மா தாங்கி நிற்கிறது. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சக்கரம் ஆடும், அவ்வளவுதான். ஹப் மோட்டாரில் கதை வேறு. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருகும்போது, அதே அளவு விசையோடு அச்சு பின்னோக்கித் திருகப்படுகிறது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னே நகர்வதைப் போல. 250 வாட் மோட்டார் ஏற்றத்தில் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருகும். அதைத் தடுத்து நிறுத்துவது, 12 மி.மீ. அச்சின் இரு பக்கமும் 10 மி.மீ. அகலத்துக்குச் சீவிவிட்ட தட்டையான பகுதிதான். இவ்வளவு சிறிய இடத்தில் விழும் அழுத்தம் பல நூறு கிலோ எடைக்கு நிகர். அலுமினியக் கவட்டையின் பிளவு இதைத் தனியாகத் தாங்காது. அதற்காகத்தான் நாக்கு நீட்டிய ஒரு தடித்த வாஷரைக் கொடுக்கிறார்கள். அந்த நாக்கு கவட்டையின் பிளவுக்குள் உட்கார்ந்து அச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சர் ஒட்டும் அவசரத்தில் தரையில் கழற்றி வைக்கப்படும் வாஷர்களில் எது உள்ளே, எது வெளியே என்பது மறந்துபோகும். நாக்கு வாஷர் திரும்பிப்போய் வெளியே பார்த்தபடி மாட்டப்பட்டால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் அச்சு பிளவுக்குள் சுழன்றுவிடும். சுழன்றால் அச்சின் நுனியில் இருக்கும் கேபிள் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். தடித்த வயரும் மெல்லிய வயரும் தோல் உரிந்து ஒன்றோடொன்று ஒட்டும். பேட்டரியின் 36 அல்லது 48 வோல்ட், 5 வோல்ட்டுக்காகப் பிறந்த சென்சாருக்குள் பாயும். அப்போது மெய்யாகவே மோட்டாரும் போகும், கன்ட்ரோலரும் போகும். மற்ற பிழைகளெல்லாம் பத்து நிமிட வேலை. இந்த ஒன்றுதான் பெரிய செலவு வைப்பது.

ஆகவே இரண்டு கட்டளைகள். கழற்றுவதற்கு முன் இரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு முழுவதும் இறுகும்வரை, 'ஓடுதா பார்ப்போம்' என்று த்ராட்டிலைத் தொடவே தொடாதீர்கள். 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி இறுக்கச் சொல்கிறார்கள். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. கேபிள் அச்சிலிருந்து கீழ்நோக்கி இறங்கி, ஒரு வளைவு வளைந்து மேலே ஏற வேண்டும். மேல்நோக்கி விட்டால் மழைநீர் கேபிள் வழியே இறங்கி நேராக மோட்டாருக்குள் போகும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் போதும்.

பிரேக் விஷயம் சிறியதுதான், ஆனால் ஏமாற்றும். மின்சைக்கிள் பிரேக் பிடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பிடித்த உடனே மோட்டாரை வெட்டிவிடும். சக்கரத்தை மாட்டிய கையோடு பிரேக் கேபிளையும் சற்று இறுக்கிவிடுவது கடைக்காரர் வழக்கம். பிடி முழுவதும் திரும்பி வராமல் ஒரு நூலிழை உள்ளேயே நின்றால், வண்டியைப் பொறுத்தவரை நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். மோட்டார் எப்படி ஓடும்? பிடியை வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கானால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிடியைத் தவறியும் அழுத்தக் கூடாது. இரண்டு பேடும் நெருங்கி நின்றுவிடும், டிஸ்க் நுழையாது.

மோட்டார் பெடலருகே இருக்கும் விலையுயர்ந்த ரகத்தில் பின்சக்கரம் வெறும் சக்கரம். வயர் ஏதும் இல்லை. ஆனாலும் கழற்றி மாட்டியபின் அதுவும் மறுக்கும். காரணம், ஸ்போக்கில் மாட்டியிருக்கும் ஒரு சிறு காந்தம். கவட்டையிலிருக்கும் சென்சார் முன்னால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கடந்துபோனால்தான் வேகம் தெரியும். பாஷ் மோட்டார்களில் இரண்டுக்கும் இடையே 5 முதல் 17 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது கையேடு. கை பட்டுக் காந்தம் சற்றே திரும்பினால், திரையில் 503 என்ற எண் வரும். வேகம் தெரியாவிட்டால் என்ன, மோட்டார் ஓடலாமே என்று கேட்கத் தோன்றும். ஓடக் கூடாது. ஐரோப்பாவில் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் மோட்டார் உதவினால் அது சைக்கிளே அல்ல. இந்தியாவிலும் பதிவு எண்ணும் உரிமமும் வேண்டாத வண்டிக்கு 25 கி.மீ., 250 வாட் என்பதே எல்லை. வேகம் தெரியாத மோட்டார் அந்த எல்லையைக் காக்க முடியாது, ஆகவே நின்றுவிடுகிறது.

திரை காட்டும் எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 21 என்ற எண் பாஃபாங் மோட்டார் வண்டிகளில் வேக சென்சார் கோளாறைக் குறிக்கும். வேறு சில டிஸ்ப்ளேக்களில் அதே 21 மின்னோட்டக் கோளாறு. யாரோ சொன்னதை நம்பிச் சக்கரத்தைப் பிரிக்காதீர்கள். உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

எதைச் செய்தாலும் பேட்டரியைக் கழற்றிய பிறகே செய்ய வேண்டும். கழற்றியபின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டால் கன்ட்ரோலரில் தேங்கியிருக்கும் மிச்ச மின்சாரமும் தீர்ந்துவிடும். பிறகு கனெக்டர், பிரேக் பிடி, காந்தம், அச்சு வாஷர் என்று செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். மல்டிமீட்டர் அதற்கப்புறம்தான்.

இன்னொன்று. நம்மூர் சைக்கிள் கடைகளில் காலங்காலமாகச் செய்வதுபோல, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, சக்கரம் வண்டியிலேயே இருக்க பஞ்சர் ஒட்டிவிடலாம். டியூபையோ டயரையோ மாற்றுவதானால்தான் ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கடையில் வண்டியை விடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.